வேலை போனதை வீட்டில் சொல்லாதவருக்கு ஒரு பதில்

கேள்வியின் சுருக்கம் இது: "வயது 38. கொழும்பில் நாற்பது பேருக்கு மேல் வேலை செய்யும் ஒரு சரக்கு முகவர் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஒன்பது வருடம் இருந்தேன். அடிப்படைச் சம்பளம் 120,000 ரூபா. ஏழு வாரங்களுக்கு முன் முகாமையாளர் அழைத்து, வியாபாரம் குறைந்துவிட்டது, இராஜினாமாக் கடிதம் தந்தால் மூன்று மாதச் சம்பளம் தந்து எல்லாக் கணக்கையும் முடித்துவிடலாம், நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்தேன்; கடிதம் இன்னும் கொடுக்கவில்லை. மனைவிக்குத் தெரியாது. காலையில் வழக்கம்போல வெள்ளவத்தையில் பஸ் ஏறிவிடுகிறேன். சேமிப்பிலிருந்து எடுத்துச் சம்பளம் என்று கொடுக்கிறேன். 64 விண்ணப்பங்கள் அனுப்பினேன். இரண்டு நேர்முகத் தேர்வுகள், பிறகு பதில் இல்லை. காருக்கு லீசிங் இருக்கிறது. தாய்லாந்தில் கணினி வேலை என்று ஒரு முகவர் நான்கு லட்சம் கேட்கிறார். கடிதத்தைக் கொடுத்து மூன்று மாதப் பணத்தை வாங்குவதா, தாய்லாந்து போவதா, தேடிக்கொண்டே இருப்பதா?"

நீங்கள் கேட்ட மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் உங்கள் கேள்வியில் என்னை நிறுத்தியது "மனைவிக்குத் தெரியாது" என்ற இரண்டு சொற்கள்தான். சட்டப்படி உங்களுக்குரிய பணம், கடன்காரரிடம் உங்களுக்குள்ள பேச்சு, அடுத்த வேலை வரக்கூடிய வழி, ஏமாற்றுக்காரரிடமிருந்து உங்களைக் காக்கக்கூடிய நாலு பேரின் புத்தி ஆகிய எல்லாவற்றையும் அந்த மௌனம்தான் அடைத்துக்கொண்டிருக்கிறது. நான் இருபது வருடத்துக்கு மேல் கொழும்புக் கம்பனிகளின் ஆளணிப் பிரிவில் இருந்தவன்; இராஜினாமாக் கடிதங்களை மேசையின் மறுபக்கத்திலிருந்து வாங்கியவன். அதனால் முதலில் அந்தக் கடிதத்தைப் பற்றியே சொல்கிறேன்.

அதைக் கொடுக்காதீர்கள். அதேவேளை, எதையும் கொடுக்காமல் இருப்பதும் இப்போது ஆபத்து. "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று வாயால்தான் சொன்னார்கள்; எழுத்தில் ஒன்றுமில்லை. நீங்களும் ஏழு வாரமாகப் போகவில்லை. நாளைக்கு ஒரு விசாரணை என்று வந்தால், "நாங்கள் நிறுத்தவில்லை, அவராகவே வேலையைக் கைவிட்டுப் போய்விட்டார்" என்று கம்பனி சொல்வதற்கு உங்கள் மௌனம் வசதி செய்து கொடுக்கும். இப்படிச் சொல்லப்பட்டுத் தோற்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே இந்த வாரமே ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள்: இன்ன திகதியில் இன்னார் என்னை அழைத்து, நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்றார், நான் இராஜினாமாச் செய்யவில்லை, வேலைக்குத் திரும்ப ஆயத்தமாக இருக்கிறேன், என்னை நிறுத்தியிருந்தால் அதை எழுத்தில் தரவும். கோபம், குற்றச்சாட்டு, பழைய கதை எதுவும் வேண்டாம். பதிவுத் தபாலில் அனுப்பி, தபாலகம் தரும் பற்றுச்சீட்டைக் கடிதத்தின் பிரதியோடு குத்தி வையுங்கள். அந்தச் சிறிய சீட்டு பின்னால் பெரிய சாட்சியாக நிற்கும்.

இனி, மூன்று மாதச் சம்பளம் என்பது எவ்வளவு சிறிய தொகை என்று பாருங்கள். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிலாளர் வேலை முடிவுறுத்தல் சட்டத்தின்படி, 15 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள ஓர் இடத்தில், முந்திய பன்னிரண்டு மாதத்தில் 180 நாளாவது வேலை செய்த ஒருவரை, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நிறுத்துவதென்றால், ஒன்று அந்த ஊழியரின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். இல்லையேல் தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும். உங்களிடம் கேட்கப்படும் இராஜினாமாக் கடிதம் அந்தச் சம்மதத்தின் வேலையைத்தான் செய்யும். அனுமதி வழியாகப் போனால் நட்டஈட்டுக்கு ஒரு சூத்திரம் உண்டு: முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு இரண்டரை மாதச் சம்பளம், ஆறாவது முதல் பதினான்காவது வருடம் வரை வருடத்துக்கு இரண்டு மாதச் சம்பளம், அதற்கு மேல் விகிதம் குறைந்துகொண்டு போகும். உங்கள் ஒன்பது வருடத்துக்குப் பன்னிரண்டரையும் எட்டும் சேர்த்து இருபதரை மாதம். 120,000 ரூபா வீதம் பார்த்தால் 24 லட்சத்து 60 ஆயிரம். 2021இல் உச்சவரம்பு 25 லட்சமாக உயர்த்தப்பட்டதால் இந்தத் தொகை முழுவதும் வரம்புக்குள் அடங்குகிறது.

இதற்குப் புறம்பாக, 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து வருடம் நிறைந்தவருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் உண்டு. உங்களுக்கு அது 5 லட்சத்து 40 ஆயிரம். நீங்களாக விலகினாலும் அது உங்களுக்குரியது. வேலை முடிந்து 30 நாளுக்குள் தரவேண்டியது. இப்போது மறுபடி பாருங்கள்: "எல்லாக் கணக்கையும் முடிக்க" அவர்கள் காட்டும் மூன்று மாதச் சம்பளம் 3 லட்சத்து 60 ஆயிரம். எப்படியும் தரவேண்டிய பணிக்கொடையையே அது எட்டவில்லை.

24 லட்சமும் கையில் வந்து விழும் என்று நான் சொல்லவில்லை. விசாரணை இழுபடும், கம்பனிக்கு உண்மையாகவே முடியாமலும் இருக்கலாம், பெரும்பாலானவை நடுவில் ஒரு தொகையில் சமரசமாகவே முடிகின்றன. ஆனால் அந்தச் சமரசம் 24 லட்சத்திலிருந்து கீழே இறங்கி வரவேண்டும். 3 லட்சத்திலிருந்து மேலே ஏறக்கூடாது. நேரம் இருக்கிறது என்றும் எண்ணாதீர்கள். முறைப்பாட்டைத் தொழில் ஆணையாளரிடம் கொண்டுபோனாலும், தொழில் நியாயசபையில் விண்ணப்பித்தாலும், நிறுத்தப்பட்டதிலிருந்து ஆறு மாதத்துக்குள் செய்தாக வேண்டும். பஸ் ஏறிக் கழித்த ஏழு வாரமும் அந்த ஆறு மாதத்திலிருந்துதான் போனது.

சேமலாப நிதியைப் பற்றியும் பலர் ஒரு தப்பு நம்பிக்கையோடு வருவார்கள். ஊழியர் சேமலாப நிதி, உங்கள் 8 சதவீதமும் கம்பனியின் 12 சதவீதமுமாகச் சேர்ந்தது; வேலை போன காரணத்தால் மட்டும் அதை எடுக்க முடியாது. ஆணுக்கு 55 வயது ஆகவேண்டும். கம்பனி 3 சதவீதம் கட்டும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியை மட்டும் வேலை முடிந்த பின் கோரலாம். ஒருமுறை எடுத்தால் அடுத்த முறைக்கு ஐந்து வருடம் காத்திருக்கவேண்டும். சிறிய தொகைதான், ஆனாலும் இரண்டு மூன்று மாத வீட்டு வாடகைக்கு ஆகும். சம்பளச் சீட்டில் பிடித்த காசு உண்மையிலேயே நிதிக்குப் போனதா என்பதையும் இந்தச் சாட்டில் பார்த்துவிடுங்கள்.

இனி வீட்டுக்கு வருகிறேன். இதில் எனக்கும் ஒரு கதை உண்டு. 2001 ஜூலை 24ஆம் திகதி கட்டுநாயக்க விமான நிலையம் தாக்கப்பட்டபோது நான் கொழும்புக் கோட்டையில் ஒரு பயண முகவர் நிறுவனத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். முன்பதிவுகள் கட்டுக் கட்டாக இரத்தாயின. செப்டம்பரில் எட்டுப் பேரை அனுப்பினார்கள், நான் ஏழாவது. அன்றும் மறுநாளும் சொல்ல வாய் வரவில்லை. அதற்குப் பிறகு சொல்வது இன்னும் கடினமாகிவிட்டது. மனைவி கட்டித் தரும் சோற்றுப் பார்சலோடு காலையில் இறங்குவேன். பொது நூலகத்தில் பத்திரிகைகளை முதலிலிருந்து கடைசிவரை, மரண அறிவித்தல் உட்பட, படிப்பேன். பிறகு விகாரமகாதேவிப் பூங்காவில் ஒரு வாங்கு. பதினொரு மணிக்கே பார்சலைப் பிரித்துவிடுவேன், செய்ய வேறு ஒன்றும் இல்லாததால். பிற்பகல் ஐந்து மணிவரைக்கும் நேரம் ஒரு மலை மாதிரிக் கிடக்கும்.

மூன்று மாதம் இப்படி ஓடியது. கடைசியில் சொன்னபோது அவள் அழவில்லை. "மூன்றாம் கிழமையே தெரியும். ஏசி ஒஃபீஸில் இருந்து வருகிறவரின் கொலர் இப்படியா வியர்த்திருக்கும்? நீங்களாகச் சொல்லட்டும் என்று இருந்தேன்" என்றாள். சட்டை துவைப்பவரிடம் எதை மறைக்க முடியும்? எனக்கு அவமானமாக இருந்தது வேலை போனதற்காக அல்ல. பத்து வாரம் அவளைத் தனியாகப் பயப்பட விட்டதற்காக. உங்கள் மனைவிக்கும் தெரிந்திருக்க இடமுண்டு.

இன்றிரவே சொல்லுங்கள். பிள்ளைகள் தூங்கிய பிறகு, கையில் ஒரு தாளோடு. அந்தத் தாளில் வங்கியில் இருப்பது, மாத வாடகை, லீசிங் தவணை, பள்ளிக்கூடச் செலவு, கிடைக்கவேண்டிய பணிக்கொடை எல்லாம் இருக்கட்டும். வெறும் கையோடு சொன்னால் அது பயமாக மட்டும் போய்ச் சேரும். கணக்கோடு சொன்னால் இருவரும் குனிந்து பார்க்க ஒரு பொருள் இருக்கும். மாமா, மாமிக்குச் சொல்வது எப்போது என்பதை மனைவியிடம் விட்டுவிடுங்கள். அவர்கள் அவளுடைய பெற்றோர். பிள்ளைகளுக்கு ஒரு வரி போதும்: அப்பாவுக்கு அந்த வேலை முடிந்துவிட்டது, வேறு தேடுகிறார், கொஞ்ச நாளைக்குச் செலவைக் குறைப்போம். சாதாரண சனங்களின் வேலை போனால் பொதுவாகப் படி கொடுக்கும் காப்புறுதித் திட்டம் இந்த நாட்டில் இல்லை. இருப்பது குடும்பம்தான், அதற்குத் தெரியாமல் அது எப்படி உதவும்?

கடன் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். தவணை தவறுவதற்கு முன்னரே லீசிங் கம்பனிக்குப் போய், தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். தவறிய பிறகு போகிறவருக்கும் முன்னால் போகிறவருக்கும் அங்கே கிடைக்கும் முகம் வேறு. யார் கடனை ஒழுங்காகக் கட்டுகிறார் என்று வங்கிகள் பார்க்கும் கிரிப் அறிக்கையில் விழும் கறையும் லேசில் போகாது. முடியாது என்றால் காரை நீங்களாகவே விற்றுக் கணக்கை முடிப்பது, அவர்கள் தூக்கிக்கொண்டுபோய் ஏலம் விடுவதைவிட எப்போதும் இலாபம். கடன் அட்டையில் காசு எடுத்து வீட்டுச் செலவு செய்யாதீர்கள். நகையைச் செட்டியார் தெருவுக்கோ வங்கிக்கோ கொண்டுபோவதென்றால் அது இருவரும் சேர்ந்து எடுக்கும் முடிவாக இருக்கட்டும். மீட்கும் திகதி நாட்காட்டியில் இருக்கட்டும். நிறுத்தவேண்டிய செலவுகளில் பிள்ளைகளின் டியூஷனைக் கடைசியாக வையுங்கள்.

நாளின் நேரத்தைப் பற்றி ஒன்று. ஒஸ்திரியாவில் மரியந்தால் என்ற ஊரில் நெசவாலை மூடப்பட்டு, ஊரே வேலையிழந்த பின், சமூக உளவியலாளர் மரி யஹோடாவும் கூட்டாளிகளும் அங்கே போய் ஆராய்ந்து 1933இல் அதை வெளியிட்டார்கள். படிக்க வேண்டிய நேரமெல்லாம் கிடைத்த பிறகு அங்கே நூலகத்தில் இரவல் எடுப்பது கூடவில்லை, குறைந்தது. ஆண்கள் தெருவில் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். பெண்களுக்கு வீட்டுவேலை இருந்தபடியால் அவர்களின் நடை அவ்வளவு தளரவில்லை. அதைப் படித்தபோது எனக்கு அந்தப் பூங்கா வாங்குதான் நினைவுக்கு வந்தது. ஆகவே வீட்டில் சொன்ன பிறகும் காலையில் குளித்து, சட்டை மாற்றி, எட்டரைக்கு மேசைக்கு வாருங்கள். ஆனால் வேலை தேடுவதை மதியத்தோடு நிறுத்துங்கள். நாள் முழுவதும் தேடுகிறவர் நான்காம் வாரத்தில் களைத்துவிடுவார். பிற்பகலில் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவதோ சந்தைக்குப் போவதோ, வேறு யாராவது உங்களை எதிர்பார்த்திருக்கும் ஒரு வேலை இருக்கவேண்டும்.

64 விண்ணப்பங்களைப் பற்றி: எல்லாவற்றுக்கும் ஒரே சுயவிபரக் கோவைதானே போயிருக்கும்? டொப்ஜொப்ஸ் வேலைவாய்ப்பு இணையத்தளத்திலும் ஞாயிறு பத்திரிகையிலும் வரும் ஒரு கணக்காளர் விளம்பரத்துக்கு நூற்றுக் கணக்கில் வந்து குவிவதை நான் திறந்து பார்த்திருக்கிறேன். ஒரு கோவைக்கு அரை நிமிடம்கூடக் கிடைக்காது. கிழமைக்கு ஐந்து மட்டும் அனுப்புங்கள். ஒவ்வொன்றிலும் முதல் பக்கத்தின் மேல் பாதியை அந்த விளம்பரம் கேட்பதற்கேற்ப மாற்றி எழுதுங்கள். சுங்க ஆவணங்களோடு பழகிய கணக்காளர், மூன்று மொழியிலும் தொலைபேசியில் பேசக்கூடியவர் என்பதெல்லாம் உங்கள் கோவையின் மூன்றாம் பக்கத்தில் கிடக்கிறது என்று பந்தயம் கட்டுவேன்.

ஆனால் வேலை பெரும்பாலும் விளம்பரத்தால் வருவதில்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் பொஸ்டன் நகருக்கு அருகில் வேலை மாறியவர்களிடம் விசாரித்து 1973இல் எழுதியதன்படி, தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கே அடிக்கடி சந்திப்பவர் உதவியிருந்தார். மற்றவர்களுக்கு உதவியவர்கள் எப்போதாவது, அல்லது அபூர்வமாகச் சந்திப்பவர்கள். காரணம் எளிது. உங்கள் மச்சானுக்கும் நண்பனுக்கும் தெரிந்த காலியிடம் உங்களுக்கும் தெரியும். தூரத்தில் நிற்பவருக்கோ நீங்கள் கேள்விப்படாத இடங்கள் தெரியும். எனக்கு அந்த டிசம்பரில் வேலை வந்தது, பழைய ஒஃபீஸுக்குக் கடதாசியும் பைலும் கொண்டுவந்து தரும் மலிபன் வீதிக் கடைக்காரர் வழியாக. 100ஆம் இலக்க பஸ்ஸில் கண்டு, "ஐயா இப்ப எங்க?" என்றார். வீட்டில் சொல்லிவிட்டிருந்தபடியால் முதல் தடவையாக உண்மையைச் சொன்னேன். கிராண்ட்பாஸில் தேயிலை ஏற்றுமதி செய்யும் ஒருவர் ஆள் தேடுகிறார் என்று தன் விலைச்சீட்டின் பின்புறத்தில் எழுதித் தந்தார். ஒரு மாதம் முன்னர் அதே கேள்விக்கு "அங்கேதான்" என்று பொய் சொல்லியிருப்பேன்.

ஆகையால் பழைய வாடிக்கையாளர்கள், கணக்காய்வுக்கு வந்த பையன்கள், வங்கிக் கிளையில் உங்கள் காசோலைகளை வாங்கியவர், கூடப் படித்தவர்கள் என்று முப்பது பெயர் எழுதுங்கள். "ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். அப்படிப்பட்டதை எல்லோரும் அனுதாபத்தோடு மறந்துவிடுவார்கள். நான் இன்ன வேலை செய்தவன், இன்ன துறையில் தேடுகிறேன், இன்ன கம்பனியில் யாரையாவது தெரியுமா என்று ஒருவரிடம் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். அதற்குப் பதில் சொல்வது யாருக்கும் சுலபம்.

இதற்கிடையில் கைச்செலவுக்கும் ஒரு வழி உண்டு. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 சதவீதமானபோது, அதற்குப் பதிவு செய்யவேண்டிய வருட விற்பனை எல்லையும் 80 மில்லியன் ரூபாவிலிருந்து 60 மில்லியனுக்கு இறக்கப்பட்டது. புறக்கோட்டையில் அதுவரை கணக்குப் புத்தகத்தை மேசை லாச்சியில் வைத்திருந்த பல வியாபாரிகள் திடீரென்று வரிப் படிவம் நிரப்பவேண்டியவர்களானார்கள். முழுநேர கணக்காளரை வைக்க அவர்களுக்கு மனம் வராது. கிழமையில் ஒரு நாள் வந்து எழுதித் தருபவருக்குக் கொடுப்பார்கள். அப்படி மூன்று கடை கிடைத்தால் வாடகை போய்விடும், நேர்முகத் தேர்வில் "இப்போது என்ன செய்கிறீர்கள்?" என்ற கேள்விக்கும் பதில் இருக்கும். ஏன் விலகினீர்கள் என்று கேட்டால், வியாபாரம் குறைந்து ஆட்குறைப்புச் செய்தார்கள் என்ற ஒரு வரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பழைய முகாமையாளரைத் திட்டிய யாரையும் நாங்கள் எடுத்ததில்லை, திட்டு நியாயமாக இருந்தபோதும்.

தாய்லாந்துக்கு என் பதில், வேண்டாம். தாய்லாந்தில் கணினி வேலை என்று கூட்டிப்போய், எல்லை கடத்தி மியன்மாரின் இணைய மோசடி முகாம்களில் இலங்கை இளைஞர்களை அடைத்துவைத்த செய்திகள் இங்கே பலமுறை வந்துவிட்டன. வெளிநாடு போவதே பிழை என்பதல்ல. எந்த முகவராக இருந்தாலும், அவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா, அந்த வேலைக்கு அங்கீகாரம் உண்டா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்தில் கேட்டுவிட்டுத்தான் காசைத் தொடவேண்டும். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்பவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. வீட்டில் ஒருவரிடமாவது சொல்லியிருந்தால் இந்த முகவர் உங்களிடம் இவ்வளவு தூரம் வந்திருக்கமாட்டார்.

தூக்கம் தொடர்ந்து கெட்டாலோ, நான் இல்லாவிட்டால் இவர்களுக்குப் பாரம் குறையும் என்ற மாதிரி நினைவு ஒருமுறையாவது வந்தாலோ, தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எடுங்கள். கூச்சப்பட வேண்டிய விஷயம் அல்ல; நான் அந்த வாங்கில் இருந்தபோது இப்படி ஓர் இலக்கம் எனக்குத் தெரிந்திருந்தால் எடுத்திருப்பேன்.

பதிவுத் தபாலுக்குக் கம்பனி என்ன பதில் தந்தாலும், பதிலே தராவிட்டாலும், இரண்டு வாரத்துக்கு மேல் காத்திராமல் நாரஹேன்பிட்டியில் உள்ள தொழில் திணைக்களத்துக்குப் போங்கள். நியமனக் கடிதம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, சேமலாப நிதி இலக்கம், அடையாள அட்டை, தபால் பற்றுச்சீட்டோடு கடிதப் பிரதி, முகாமையாளர் அழைத்துப் பேசிய நாளையும் நேரத்தையும் அவர் சொன்ன சொற்களையும் எழுதிய ஒரு தாள் ஆகியவற்றை ஒரு கோப்பில் போட்டுக்கொள்ளுங்கள்; ஒவ்வொன்றிலும் இரண்டு போட்டோப் பிரதிகள். மனைவியையும் கூட்டிப் போங்கள். நீங்கள் பதற்றத்தில் மறப்பதை அவர் ஞாபகம் வைத்திருப்பார். அங்கே காத்திருக்க நேரிடும். சோற்றுப் பார்சலை இரண்டு பேருக்குமாகக் கட்டிக்கொள்ளுங்கள்.